ஊஸ்டர்க் குருத்தோலை

மச்சான்,

இன்று பின்னேரம் உன் பனையின் குளிர்காலப் போர்வையைப் பாதி அவிழ்த்தேன். முதலில் ஈர வைக்கோல் வாசம் வந்தது. அதற்கு அடியிலிருந்து இன்னொன்று: புளித்துப்போன பழங்கஞ்சி வாசம். உனக்கு அந்த வாசம் என்னவென்று தெரியும். எனக்கும் தெரிந்துவிட்டதுதான் இப்போது தொல்லை. ஏணியில் ஏறினவன் அப்படியே இறங்கி, தோட்டத்துக் கொட்டிலுக்குள் போய் உன் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

குருத்தை இன்னும் இழுத்துப் பார்க்கவில்லை. அது உங்கள் மன்னார்ச் சம்மாட்டியாருடைய வேலை. அவர் ஷ்லீரனிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கிறார். அவர் வரும்வரை சும்மா இருந்தால் பயித்தியம் பிடிக்கும் என்பதால், கையில் கிடைத்த கடை விளம்பரத் தாளின் வெள்ளைப் பக்கத்தில் உனக்கு எழுதுகிறேன். நீ கார்த்திகையில் போனாய். இது நீ இல்லாமல் இந்த மரம் கண்ட முதல் குளிர்காலம். குருத்து உறுதியாக நின்றால் மரம் தப்பிவிட்டது. இழுத்ததும் கையோடு வந்தால் உள்ளே அழுகிவிட்டது. சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது, ஆனால் காலையிலிருந்து ஒரு வாய் தேத்தண்ணிகூட இறங்கவில்லை.

நாங்கள் சந்தித்தது சூரிச் பக்கத்து ஷ்லீரனில், ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் அந்தப் பெரிய லாண்டரியில். சூடான உருளைக்குள் விரிப்பை விடும் இடத்தில் ஒரு முனையை நீ பிடித்தாய், மறு முனையை நான் பிடித்தேன். நீ மன்னார் வேதக்காரன், நான் திருநீறு பூசாமல் வெளிக்கிடாத யாழ்ப்பாணத்தான். முதல் கிழமை இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றோம். பிறகு வாயை மூடச் சொல்லி மேற்பார்வையாளர் வந்து நிற்கிற அளவுக்குக் கதைத்தோம். ஒரு விரிப்பைச் சுருக்கமில்லாமல் உள்ளே விட வேண்டுமென்றால் எதிரில் நிற்பவனின் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உன் கையை நான் அப்படித்தான் வருடக்கணக்காகப் பார்த்தேன்.

ஒரு குருத்தோலை ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை, வேலைக்கு வந்ததும் வராததுமாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பச்சைக் கொத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாய்.

"பாரடா உதை. ஆண்டவர் ஊர்வலம் போக, தூக்கிப் பிடியுங்கோ எண்டு கறிவேப்பிலைக் கொத்துத் தந்தவங்கள்."

அது கறிவேப்பிலை இல்லை, இங்கே வேலியாக வெட்டி விடுவார்களே, அந்தச் செடி. இந்த நாட்டுக் கோயில்களில் அதுதான் வழக்கம். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பிந்தி வந்த வருடங்களில் தமிழ்க் கடைக்கு விமானத்தில் தென்னோலை இறக்கிப் பார்த்தார்கள். வந்து சேரும்போது ஓரம் கறுத்து, பெட்டிக்குள் அவிந்து, குப்பை மணம் மணத்தது. அதையும் ஒரு முறை கொண்டுவந்து காட்டினாய்.

பிறகு கோயிலால் லொகார்னோவுக்குச் சுற்றுலா போனீர்கள். இடமிருக்கிறது வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். ஏரிக்கரையில் வரிசையாகப் பனைகள். எங்கள் பனை மாதிரியே விசிறி ஓலை, ஆனால் தண்டு முழுக்கத் தும்புச் சட்டை. தலையில் பனி கிடந்தது. அதைப் பொருட்படுத்தாமல் நின்றன. எல்லோரும் ஏரியைப் படம் எடுத்தார்கள். நீ ஒரு மரத்தைத் தடவிக்கொண்டு நின்றாய்.

"இது குளிருக்குச் சாகாது போல கிடக்கடா."

"லொகார்னோக் குளிர் ஒரு குளிரோ? சூரிச் பக்கம் கொண்டுவந்து வைச்சுப் பார்" என்றேன். அந்த வாய்தான் எல்லாவற்றையும் தொடக்கி வைத்தது.

முதல் மரத்தை ஷ்லீரன் வீட்டுப் பல்கனியில் சாடியில் வைத்துக் கொன்றாய். நிலத்தில் நின்றால் தாங்குகிற குளிரைச் சாடியில் நிற்கிற வேர் தாங்காது என்பது அப்போது உனக்குத் தெரியாது. இரண்டாவது மரத்துக்காகவே ஊஸ்டரில் இந்தக் குடும்பத் தோட்டத் துண்டை வாடகைக்கு எடுத்தாய். நிலத்தில் நட்டாய், சரி. ஆனால் பிறந்த பிள்ளையைச் சுற்றுவது போல பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றினாய். அது குளிரில் சாகவில்லை, வேர்த்து அழுகிச் செத்தது. மூன்றாவதுக்கு, தண்டைச் சுற்றி நத்தார் மரத்துக்குக் கட்டுகிற மின்விளக்கு மாலை கட்டினால் சூடு கொடுக்கும் என்று யாரோ சொல்ல, கடையில் போய்ப் புது விளக்கு வாங்கிக் கட்டினாய். இந்தக் காலத்து விளக்கு சூடாகாது என்பதை நீ யோசிக்கவில்லை. குளிர்காலம் முழுக்க மரம் கல்யாண வீடு மாதிரி மினுங்கியது. மாசியில் பார்த்தால் பிரேதம்.

அப்போதுதான் பக்கத்துத் துண்டுக்காரர் ஹெர் ப்ரூனர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அந்த மனுசன் அதுவரை எங்களோடு வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் கதைத்ததில்லை. மற்றக் கிழமை தன் வீட்டு நிலவறையிலிருந்து பழைய காலத்துக் குண்டு பல்ப் மாலை ஒன்றைத் தூசியோடு கொண்டுவந்து தந்தார். நாலாவது மரம் அந்த மாலையோடுதான் தப்பியது. இப்போதும் அதே மாலைதான்.

நீ மற்றவர்கள் போல இல்லை, மச்சான். மூன்று மரம் செத்தால் நான் மிளகாய்க் கன்று வைக்கப் போயிருப்பேன். நீ ஒவ்வொரு சாவிலும் ஒன்றைப் படித்தாய். குளிரைவிட ஈரம்தான் எமன் என்று கண்டுபிடித்தாய். தலைக்குள் மழை தேங்கி, தேங்கினது உறைந்தால்தான் குருத்து அழுகும். ஓலைகளைக் கூட்டிக் கட்டி, நடுவில் வைக்கோல் வைத்து, லாண்டரியில் கழித்துவிட்ட விரிப்புகளை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி, தைத்துப் போர்வை செய்தாய். அதற்கு மேலே வெளிச்சம் ஊடுருவுகிற பெரிய குடை ஒன்றை விரித்துக் கட்டினாய். மரத்துக்குக் குடை பிடித்த முதல் மன்னார்க்காரன் நீயாகத்தான் இருக்கும். தோட்டத்து ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். உனக்கு வெட்கம் என்பதே வரவில்லை.

மரம் வளர்ந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள் நீ கீழே இருக்கும் விரிந்த ஓலைகளை வெட்டி, கிழித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டுப் பதமாக்கிச் சிலுவை மடித்தாய். என்னையும் மடிக்க வைத்தாய். நான் மடித்த சிலுவைகளை ஃபாதர் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஆர், சைவக்காரர் செய்ததோ?" என்று கேட்டார். இங்கே பிறந்த பிள்ளைகள் அந்த ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு, கோயில் கார் தரிப்பிடத்தைச் சுற்றி ஓசன்னா பாடிப் போனார்கள். நீ ஓரமாக நின்று கைகட்டிப் பார்த்தாய். உன் முகத்தில் இருந்ததற்குப் பெருமை என்று பெயர். நான் உனக்காகப் பெருமைப்பட்டேன். அதை உன்னிடம் சொன்னதே இல்லை. சொன்னால் "போடா" என்பாய்.

ஆனால் எங்கள் சனத்துக்குக் குறை இல்லாமல் இருக்க முடியுமா? ஓலை முற்றல், மடிக்க முறிகிறது, பச்சையாக இருக்கிறது. குருத்தோலை என்றால் வெள்ளையாக, மெத்தென்று, நடுக் குருத்தாக இருக்க வேண்டாமோ? ஊரில் அப்படித்தானே? இதில் முன்னுக்கு நின்று முறுமுறுத்தவர் சம்மாட்டியார். மன்னாரில் அவருடைய வீட்டில் மீன்பிடி வள்ளங்கள் இருந்தபடியால் அங்கே சம்மாட்டியார். இங்கே பஸ் கழுவுகிற வேலை, ஆனாலும் சம்மாட்டியார்தான். நீ ஒவ்வொரு வருடமும் பொறுமையாகச் சொன்னாய்: "அண்ணை, ஊரில குருத்து வெட்டினா மரம் அடுத்ததை விடும். இஞ்ச வெட்டின வாய்க்குள்ள பனித்தண்ணி இறங்கினா முடிஞ்சுது." அவர் தலையாட்டினார். நம்பவில்லை.

ஒரு வருடம் அந்தச் சனிக்கிழமை உனக்குப் பின்னேர வேலை. நீ முன்னதாகவே ஓலை வெட்டி ஊறப்போட்டிருந்தாய். சம்மாட்டியார் உனக்கு உதவி செய்கிற எண்ணத்தோடு, ஏணியும் கத்தியுமாக இங்கே வந்து, ஊரில் செய்கிற மாதிரி நடுக் குருத்தை அடியோடு வெட்டிக்கொண்டு போய்விட்டார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நல்ல எண்ணத்தோடு வருகிறவனை எந்த வேலி தடுக்கும்?

ஞாயிறு காலை பூசைக்கு நானும் வந்திருந்தேன். ஃபாதர் கையில் வெள்ளைக் குருத்து. சனம் முழுக்க முகம் மலர்ந்து நிற்கிறது. "இதெல்லோ குருத்தோலை!" என்று ஒரு பெரியம்மா சத்தமாகவே சொன்னார். நீ வாசலில் நின்றுவிட்டாய். கண் மட்டும் அந்த வெள்ளையில் குத்திட்டு நின்றது. நீ இப்போது கத்துவாய், நானும் சேர்ந்து கத்தலாம் என்று தயாராக இருந்தேன். சம்மாட்டியார் சிரித்துக்கொண்டே வந்து, தான் மடித்த சிலுவை ஒன்றை உன் கையில் வைத்தார். நீ அதை வாங்கினாய். ஊர்வலத்தில் நடந்தாய். பாடினாய்.

பூசை முடிந்ததும் அவரிடம் போய் நீ சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அண்ணை, வடிவா மடிச்சிருக்கிறியள். வாற ஞாயிறு பின்னேரம் ஒருக்காத் தோட்டத்துக்கு வருவியளோ? ஏணி பிடிக்க ஆள் வேணும்."

காருக்குள் ஏறியதும் நான் வெடித்தேன். "அந்தாளைப் பிடிச்சு நாலு கேள்வி கேளாமல் சிரிச்சுக்கொண்டு வாறாய், நீயெல்லாம் ஒரு மனுசனோ?"

"இப்ப கேட்டா இனி அந்தாள் தோட்டப் பக்கமே வராதடா. பிறகு மரத்தை ஆர் பாக்கிறது? நீ ஏணி பிடிச்சா நான் விழுந்துதான் சாவன்."

அந்தக் கிழமையே ஈரப்பனி கொட்டி உறைந்தது. உயிர்த்த ஞாயிறு பின்னேரம் நாங்கள் மூவரும் இங்கே நின்றோம். நீ மேலே ஏறி, வெட்டின வாய்க்குள் மருந்துக்கடையில் வாங்கின பெரொக்சைட்டை ஊற்றினாய். புஸ்ஸென்று வெள்ளையாக நுரைத்தது. அழுகல் இருந்தால்தான் அப்படி நுரைக்கும். சம்மாட்டியார் கீழே ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். வாசமும் அவருக்கு எட்டியிருக்க வேண்டும்.

"தம்பி, இது நான் வெட்டினதாலயோ?"

வேறு யாராக இருந்தாலும் ஒன்றில் பாய்ந்திருப்பார்கள், அல்லது இல்லை அண்ணை என்று மழுப்பியிருப்பார்கள். நீ இரண்டும் செய்யவில்லை.

"ஓமண்ணை. இனி ரெண்டு பேருமாப் பாப்பம்."

அந்த மனுசன் அந்த வசந்தமும் கோடையும் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். கோயில் ஆட்களில் ஒருவருக்கும் என்ன நடந்தது என்று நீ சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. ஹெர் ப்ரூனர் வந்து பார்த்துவிட்டு, கிண்டி எறிந்துவிட்டு உருளைக்கிழங்கு போடு என்றார். நடுத்தலை மொட்டையாக, சுற்றிவர ஓலையோடு மரம் நின்றது. ஆவணியில் ஒரு நாள் நீ வேலை நேரத்தில் போன் அடித்தாய். நான் பயந்துபோய் எடுத்தேன்.

"மச்சான், பிறந்திட்டுது. கொஞ்சம் கோணல்."

கத்தரிக்கோலால் வெட்டி விட்டது மாதிரி, நுனி இல்லாத குட்டை ஓலை ஒன்று. அதைப் பார்க்க ஷ்லீரனிலிருந்து சம்மாட்டியார் சேர்ட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார், பிள்ளைப்பேறு பார்க்க வருகிறவர் மாதிரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் போர்வை அவிழ்க்கிற அன்று, குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்கிற வேலையை நீ அவரிடம் கொடுத்துவிட்டாய். உன் மரத்தைக் கொல்லப் பார்த்த கையிடமே கொடுத்தாய். அப்போது எனக்கு அது விசர்த்தனமாகப் பட்டது. இப்போது நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

இந்தப் பனையை இப்போது நாட்டில் விற்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. தெற்கே காடுகளுக்குள் பரவி மற்ற மரங்களை நெருக்குகிறதாம். நட்டு நிற்கிறதை வைத்திருக்கலாம். புதிதாக வாங்கவும் முடியாது, கைமாற்றவும் முடியாது. அந்தச் செய்தி வருவதற்கு எவ்வளவோ முந்தியே நீ வருடா வருடம் பூ வந்ததும் வெட்டிவிடுவாய். விதை விழவே விட்டதில்லை. நான் ஒரு நாள் கொஞ்சம் உருக்கமாக, "இதுவும் எங்களைப் போல அகதிதானே மச்சான்" என்று சொன்னேன். நீ கத்தரிக்கோலை நிறுத்தாமலே, "மரத்துக்கு மரம் எண்டு பேர். பெர்மிட் கேக்க வரேல்ல. தேவையில்லாமல் கவிதை சொல்லாத, வாளியைத் தா" என்றாய். ஆக, இது போனால் இன்னொன்று இல்லை. அதனால்தான் இந்த வாசம் என்னை இப்படிப் போட்டு வாட்டுகிறது.

உன் செத்தவீட்டு நாளைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும். பூம்ப்ளிஸிலிருந்து உன் மச்சினன்மார் வந்தார்கள். பெட்டிக்கு மேல் வைக்க ஒரு குருத்தோலை வேண்டும், அவர் வளர்த்த மரத்திலிருந்தே வேண்டும் என்று காலையிலேயே இங்கே வந்துவிட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. உன் மனைவிகூட அழுதுகொண்டே ஓம் என்று சொல்லிவிட்டார். நான் பின்னால் ஓடி வந்தேன், என்ன சொல்லித் தடுப்பதென்று தெரியாமல். எனக்கு முன்னமே சம்மாட்டியார் வந்திருந்தார். போர்வை சுற்றின மரத்துக்கு முன்னால், கறுத்தக் கோட்டோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"அவன்ர பெட்டிக்கு வைக்கிறதுக்கு அவன்ர மரத்தைச் சாகக் குடுக்கேலாது. வேணுமெண்டா என்னை வெட்டுங்கோ."

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. ஒருவரும் வெட்டவில்லை. நீ கடைப் பூவோடுதான் போனாய்.

*

அவர் வந்தார், மச்சான். மிச்சத்தை இரவு வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

படலையைத் திறந்தவுடனேயே அவருக்கு மணத்துவிட்டது. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். முழங்கால் நோவோடு ஏறினார், நான் ஏணியைப் பிடித்தேன். வைக்கோலை விலக்கினார். இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். மெல்ல என்றால், சும்மா தொட்ட மாதிரி.

வந்துவிட்டது.

அடி கபில நிறமாக, வழுவழுத்துப்போய், முழுக் குருத்தும் அவர் கையில். நாங்கள் நீ செய்ததில் ஒன்றையும் விடவில்லை. வைக்கோல், போர்வை, பல்ப், குடை, எல்லாம் அப்படியே. மழை பெய்து பெய்து உறைந்த குளிர்காலம், எங்கிருந்தோ தண்ணீர் வழி கண்டுபிடித்துவிட்டது. சம்மாட்டியார் அந்தக் குருத்தைப் பிடித்தபடி ஏணி உச்சியில் நின்றார். "என்ர கையோடயே வந்திட்டுது தம்பி. திரும்பவும் என்ர கையோட" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேலென்று தெரியாத கோபம். முன்னால் நிற்கிறவர் மேல் ஊற்றத் தயாராக இருந்த கோபம். முன்பென்றால் ஊற்றியிருப்பேன். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"இறங்காதேங்கோ அண்ணை. போத்தலைத் தாறன், ஊத்துங்கோ."

அவர் ஊற்றினார். நுரைத்தது. நுரை அடங்கினதும் இன்னொரு முறை ஊற்றினார். பிறகு அங்கேயே நின்று, மறைக்காமல், பெரிதாக அழுதார். மேலே நின்று அழ வேண்டாம், விழுந்தால் மரத்தோடு உங்களையும் நான் பார்க்க வேண்டி வரும் என்றேன். அழுகைக்கு நடுவில் சிரித்தார்.

கீழ் ஓலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன. இந்தக் குருத்தோலை ஞாயிறுக்குப் பிள்ளைகளுக்குக் காணும். அடுத்த வருடத்துக்கு இருக்குமா என்று ஆவணி வந்தால்தான் தெரியும். ஒரு முறை பிழைத்த மரம் மறுமுறையும் பிழைக்கும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் கையில் உடைந்ததோ அந்தக் கையைத் தள்ளிவிடாமல் அதனிடமே வேலையைக் கொடுக்கிறதை உன்னிடம் மட்டும்தான் கண்டேன். இன்றைக்கு அது என் வாயிலும் வந்தது. அவ்வளவு நல்ல மனுசன் நான் இல்லை என்பது உனக்கும் தெரியும். அதை எனக்குள் நீதான் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் சம்மாட்டியார், "வாற ஞாயிறு பின்னேர ரயிலில வாறன்" என்றார். நான் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. ஏணியைக் கொட்டிலுக்குள் வைக்கவும் அவர் விடவில்லை. மரத்தோடு சாய்த்தபடியே விட்டுவிட்டு வந்தோம்.